வெள்ளம் வந்தால் அப்பாவின் மாத்திரைக்கு என்ன வழி? முன்னாள் ராணுவத்தினருக்குத் தேவை ஒரு பேரிடர் விதி

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வீடுகளில் மாதத்தில் ஒரு நாள் 'பாலிகிளினிக் நாள்'. காலையிலேயே கிளம்பி, பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, டாக்டரைப் பார்த்து, சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மதியம் வீடு திரும்புவார்கள். அடுத்த மாதமும் அதே கதை.

சரி, அந்த நாளில் ஊரே தண்ணீரில் நின்றால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2015 டிசம்பரில் சென்னை, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா, 2020ல் நாடு முழுக்க ஊரடங்கு, 2023 டிசம்பரில் முதலில் சென்னை, இரண்டே வாரத்தில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும். பத்து வருடத்துக்குள் இத்தனை முறை தமிழ்நாட்டில் சாலை, மின்சாரம், போன் சிக்னல் எல்லாம் நின்றுபோயிருக்கின்றன. ஆனால் லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் வாழும் இந்த மாநிலத்தில், அவர்களின் மருத்துவத் திட்டம் இன்னும் 'எல்லாம் வழக்கம்போல் நடக்கும்' என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

சுருக்கமாக

- முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ், மாத மருந்துக்கு ஒரே ஒரு பாலிகிளினிக்கை நம்பி இருக்கிறது.
- அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்கும் போகலாம். ஆனால் பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.
- கொரோனா காலத்தில் விதிகள் தளர்த்தப்பட்டன. பிறகு பழைய நிலைக்கே திரும்பின.
- பேரிடர் அறிவிப்பு வந்தவுடன் அந்தத் தளர்வுகள் தானாக அமலுக்கு வரும்படி நிரந்தர விதி வேண்டும்.

இசிஎச்எஸ் என்றால் என்ன?

முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் இசிஎச்எஸ். 2003 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. ஓய்வு பெறும்போது ஒருமுறை பணம் கட்டினால் போதும், அவருக்கும் மனைவிக்கும் தகுதியுள்ள குடும்பத்தினருக்கும் ஆயுள் முழுக்க சிகிச்சை. ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு 30,000 ரூபாய், ஜேசிஓக்களுக்கு 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய் என்பது 2017 இறுதியில் திருத்தப்பட்ட விகிதம். போரில் கணவரை இழந்தவர்கள் கட்டத் தேவையில்லை. 1996க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு.

நாடு முழுக்க 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, வேலூர், கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் உண்டு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் பாலிகிளினிக் பரிந்துரைக் கடிதம் தரும். அதை எடுத்துக்கொண்டு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால் கையில் இருந்து காசு கட்ட வேண்டாம்.

நல்ல திட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் 'மிலிட்டரிக்காரர்' என்று பெயர் எடுத்த ஊர்களில் இந்த அட்டை எத்தனை குடும்பங்களைக் கடனில் இருந்து காப்பாற்றியிருக்கிறது என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அன்றாட நாள்களிலேயே திட்டத்தில் குறைகள் உண்டு. மருந்துப் பற்றாக்குறையையும் பில் தாமதத்தையும் 2015ல் வெளியான சிஏஜி அறிக்கையே சுட்டிக்காட்டியது. ஆனால் இங்கே கேள்வி வேறு. அசாதாரணமான நாளில் இந்தத் திட்டம் என்ன செய்யும்?

எங்கே அறுந்துபோகிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது, மாத மருந்து. நீண்டகால நோய்களுக்குப் பாலிகிளினிக்கில் பொதுவாக ஒரு மாதத்துக்கான மருந்துதான் தருவார்கள். மருந்து கையிருப்பில் இல்லை என்றால், 'இல்லை' என்று எழுதி வாங்கி, அதற்குரிய நடைமுறையில்தான் வெளியே வாங்க முடியும். அப்படி எழுதி வாங்காமல் பக்கத்து மெடிக்கலில் வாங்கினால் அந்தப் பணம் திரும்ப வருவது கஷ்டம். வெள்ளத்தில் பாலிகிளினிக்கே மூடியிருக்கிறது, போகிற வழியெல்லாம் தண்ணீர் என்றால், அந்த 'இல்லை'யை யாரிடம் எழுதி வாங்குவது?

நான்கு நாள் மாத்திரை இல்லாவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. மனநல மருந்துகளையும் அப்படி நிறுத்தக் கூடாது. போர் முனையிலும் எல்லையிலும் பல வருடம் கழித்தவர்களில் தூக்கமின்மைக்கும் மனப் பதற்றத்துக்கும் சிகிச்சை எடுப்பவர்கள் உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டார்கள், மருந்து தீர்ந்துபோனாலும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, அந்த 48 மணி நேரம். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி என்று உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து வந்தால், இசிஎச்எஸ் உறுப்பினர் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். இதற்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் அட்டையைக் காட்டினால் போதும், பாலிகிளினிக்குக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால், முதலில் கையில் இருந்து பணம் கட்ட வேண்டும். சேர்த்த 48 மணி நேரத்துக்குள் குடும்பத்தினர் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிறகு விண்ணப்பித்தால், அரசு நிர்ணயித்த கட்டண விகிதப்படி பணம் திரும்பக் கிடைக்கும்.

சாதாரண நாளில் 48 மணி நேரம் நியாயமான அவகாசம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட ஊரில், தண்ணீர் சூழாத ஏதோ ஒரு மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்துவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு 48 மணி நேரம் எந்த மூலைக்கு? தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் அது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் காரணம் எழுதி, ஆவணம் இணைத்து, கேட்டு வாங்க வேண்டிய சலுகை. ஊர் முழுக்கத் தெரிந்த வெள்ளத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, படுக்கையில் இருப்பவர்கள். முதுகுத்தண்டில் காயம்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை நம்பி இருப்பவர், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், தனியாக வாழும் வயதான மனைவி. இவர்கள் யார் என்பது பாலிகிளினிக்கின் கோப்பில் இருக்கிறது. படகு அனுப்புவதும் ஜெனரேட்டர் கொடுப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஒன்று ராணுவத் தலைமையகத்தின் கீழ் வருகிறது, மற்றொன்று கலெக்டரின் கீழ். பேரிடர் நேரத்தில் அந்தக் கோப்பு இந்த மேஜைக்கு வர வழக்கமான பாதை இருந்தால்தான் படகு சரியான வீட்டு வாசலுக்குப் போகும்.

கொரோனாவில் முடிந்ததே!

'விதியை மாற்றுவது அவ்வளவு சுலபமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில், அரசே ஒருமுறை மாற்றிக் காட்டியிருக்கிறது என்பதுதான்.

2020 ஊரடங்கில், நீண்டகால நோயாளிகள் பழைய மருந்துச் சீட்டை வைத்தே வெளிக்கடையில் மருந்து வாங்கிக்கொள்ளலாம், பிறகு பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று இசிஎச்எஸ் அனுமதித்தது. 'இல்லை' சான்று தேவைப்படவில்லை. தொற்று உறுதியான குடும்பத்துக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்க 1,200 ரூபாய் வரை தரப்பட்டது. 2021ல் இரண்டாம் அலை வந்தபோது, நெருக்கடி அதிகமாக இருந்த 51 பாலிகிளினிக்குகளில் இரவுப் பணிக்குத் தற்காலிகமாக டாக்டர், நர்சிங் உதவியாளர், பார்மசிஸ்ட், டிரைவர், காவலர் எடுக்கப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 15 வரை என்று அதற்குக் கெடு. அதே ஆண்டு மே 27ஆம் தேதி 'சேஹத்' என்ற ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையும் தொடங்கப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து வெளியேறிய 400 டாக்டர்களை 11 மாத ஒப்பந்தத்தில் மறுபடியும் அழைக்க அரசு முடிவெடுத்தது. நாடு கஷ்டப்பட்டபோது முன்னாள் படைவீரர்களின் அனுபவம் தேவைப்பட்டது, கூப்பிட்டார்கள். அவர்கள் கஷ்டப்படும்போது என்ன ஏற்பாடு என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இந்தத் தளர்வுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தனித்தனிக் கடிதங்களாக வந்தன. தேதி முடிந்ததும் காலாவதி ஆயின. நிலைத்து நின்றது ஆன்லைன் ஆலோசனை மட்டும்தான், அதுவும் சிக்னல் இருந்தால்தான் வேலை செய்யும். அடுத்த வெள்ளத்தில் யாராவது புதிதாகக் கோப்பு எழுதி, கையெழுத்து வாங்கி, கடிதம் அனுப்ப வேண்டும். ஊரடங்கு மாதக்கணக்கில் நீடித்தது, கடிதத்துக்கு நேரம் இருந்தது. புயல் மூன்று நாளில் முடிந்துவிடும். கடிதம் வந்து சேரும்போது தண்ணீர் வடிந்திருக்கும்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனி அரசுத் துறை, தனி மருத்துவமனைகள். புயல் அடிக்கும் மாநிலங்களில் அந்தத் துறை ஒரு அவசர மருந்து ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பேரிடர் வந்தால் அறிவிப்பு வெளியாகும். உடனே, பாதிக்கப்பட்ட பகுதியில் உள்ள முன்னாள் வீரர் தன் மருந்துச் சீட்டையோ, பெயர் ஒட்டிய பழைய மருந்து டப்பாவையோ எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட தனியார் மருந்துக்கடைகளுக்குப் போனால், 30 நாள் வரைக்கும் மருந்து கிடைக்கும். 2017ல் ஹூஸ்டனை மூழ்கடித்த ஹார்வி புயலிலும், 2024ல் ஹெலீன் புயலிலும் இது அமலானது. டப்பாதான் அங்கே ஆதாரம், புதிதாக யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை.

2005ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கிருந்த படைவீரர் மருத்துவமனை வெள்ளத்தில் மூழ்கிக் காலி செய்யப்பட்டது. ஆனால் நோயாளிகளின் பதிவுகள் கம்ப்யூட்டரில் இருந்ததால், வேறு மாநிலங்களுக்குப் போனவர்களின் மருந்து விவரத்தை அங்கிருந்த படைவீரர் மருத்துவமனைகளால் பார்க்க முடிந்தது. காகிதக் கோப்புகளை வைத்திருந்த மற்ற மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. 2020 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநில அரசு நடத்திய ஹோலியோக் படைவீரர் இல்லத்தில், ஆள் பற்றாக்குறையால் மறதி நோயாளிகள் இருந்த இரண்டு வார்டுகளை ஒன்றாக்கினார்கள். தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே இடத்தில் படுத்திருந்தார்கள். குறைந்தது 76 முன்னாள் வீரர்கள் கொரோனாவில் இறந்தார்கள். அந்த மாநிலம் பணம் இல்லாத மாநிலம் இல்லை. தொற்று உள்ளே வந்தால் யாரை எங்கே மாற்றுவது என்பதற்குச் சரியான திட்டம் இல்லாத இல்லம் அது.

என்ன செய்யலாம்?

புதிய திட்டம் எதுவும் வேண்டாம். இருக்கும் திட்டத்தில் ஒரு பேரிடர் அத்தியாயம் சேர்த்தால் போதும்.

- தானாக அமலாகும் தளர்வு: ஒரு மாவட்டம் பேரிடரால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்த நிமிடத்தில் இருந்து, பழைய மருந்துச் சீட்டை வைத்து எந்தக் கடையிலும் 30 நாள் மருந்து வாங்கலாம், பில்லைக் கொடுத்தால் பணம் வரும் என்று விதி இருக்க வேண்டும். தனிக் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.
- கடிகாரத்தை நிறுத்துங்கள்: அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில் 48 மணி நேரக் கணக்கு, நிலைமை சீரான பிறகே தொடங்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பினாலே தகவலாக ஏற்க வேண்டும்.
- மழைக்கு முன் கூடுதல் மருந்து: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பது யாருக்கும் ரகசியம் இல்லை. கடலோர மாவட்டங்களில் செப்டம்பர் இறுதியிலேயே ஒரு மாத மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம்.
- பட்டியல் பகிர்வு: ஆக்சிஜன், டயாலிசிஸ், படுக்கை நோயாளிகள், தனியாக வாழ்பவர்கள் ஆகியோரின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். அந்த அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்தையும் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே இருக்கிறது. பாலம் போட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

'தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா?'

நியாயமான கேள்வி. திட்டத்தின் செலவு ஏறிக்கொண்டே போகிறது. போலி பில் பிரச்சினையும் உண்டு. கட்டுப்பாடுகள் வந்ததற்கே அதுதான் காரணம். ஆனால் இங்கே கேட்பது ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மருந்துக்கு, ஒரே ஒரு மாதத்துக்கு, அறிவிக்கப்பட்ட மாவட்டத்துக்கு மட்டும். எந்த மருந்து, என்ன அளவு என்பது மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. பில்லைப் பிறகு சரிபார்க்கலாம், தவறு இருந்தால் பிடித்தம் செய்யலாம். சரிபார்ப்பு முடியும்வரை மருந்தை நிறுத்தி வைப்பதுதான் ஆபத்து. பட்ஜெட் கணக்குப் பார்த்தாலும், ஒரு மாத பிரஷர் மாத்திரையின் விலை, பக்கவாதம் வந்து ஐசியூவில் படுப்பவருக்கு அரசு கட்டும் பில்லுக்குப் பக்கத்தில்கூட வராது.

விதி மாறும்வரை வீட்டில் என்ன செய்வது?

பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள், அப்பா அம்மா ஊரில் இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

- இசிஎச்எஸ் அட்டையின் இரண்டு பக்கமும், கடைசி மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பென்ஷன் ஆணை, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு ஜெராக்ஸ் செட்டும் இருக்கட்டும்.
- மாத்திரைப் பட்டியலைக் கம்பெனிப் பெயரோடு நிறுத்தாமல், மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். வேறு ஊரில், வேறு கடையில் வாங்க அதுதான் உதவும்.
- பாலிகிளினிக் நம்பரையும், பக்கத்தில் உள்ள பட்டியல் மருத்துவமனைகள் இரண்டின் நம்பரையும் சேமியுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.
- அவசரத்துக்கு வேறு மருத்துவமனையில் சேர்த்தால், சேர்த்த தேதி, நேரம், மருத்துவமனைப் பெயர், அட்டை எண் போட்டு உடனே பாலிகிளினிக்குக்கு மெயிலும் மெசேஜும் அனுப்புங்கள். சிக்னல் இருக்கும் ஊரில் இருக்கும் பிள்ளையே இதைச் செய்துவிடலாம். அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.
- பத்து நாள் மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பழையதை முதலில் சாப்பிட்டு, புதியதைச் சேமிப்பில் வையுங்கள்.
- இன்சுலின் போடுபவர் வீட்டில் கரன்ட் போனால், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் கவரில் போட்டு வைக்கலாம். ஐஸ் மேல் நேரடியாக வைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும்.
- ஆம்புலன்ஸ் 108. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மனம் சரியில்லை என்றால் பேச, 'டெலி மானஸ்' 14416.

இதில் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பல வீடுகளில் அட்டை எங்கே இருக்கிறது, எந்த மாத்திரை எதற்கு என்பது அந்த முன்னாள் வீரருக்கு மட்டும்தான் தெரியும். அவரே மயங்கி விழுந்தால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தனி அட்டை இருக்கிறதா, அது செல்லுபடியாகிறதா என்று இன்றே கேளுங்கள்.

குடும்பங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி பாதுகாப்பு அமைச்சகமும் மாநில அரசும் செய்ய வேண்டியது. கொரோனா காலக் கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன, வார்த்தைகள்கூடப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அவற்றை நிரந்தர விதியாக மாற்றி, அடுத்த அக்டோபர் மழைக்கு முன் ஒவ்வொரு பாலிகிளினிக் வாசலிலும் ஒட்டிவிட வேண்டும்.